சாயங்காலத்தில் மட்டும் போகும் லைன்

யார் வீட்டில் இன்டர்நெட் நின்றாலும் அந்த வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருகிற ஆள் அவர்தான். அவருக்கென்று பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தெருவில் இறங்கினால் அவர் 'சிக்னல்', வயதில் சின்னவர்களுக்குச் 'சிக்னல் அண்ணன்'. பழைய பைக், அதன் பக்கவாட்டில் வளையமாகச் சுருட்டிக் கட்டிய மஞ்சள் கேபிள், தோளில் கருவிப் பை. அவர் வாசலில் வந்து நின்றாலே பாதி வீடுகளில் நின்றுபோன படம் தானாக ஓடத் தொடங்கிவிடும் என்று கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டில், சாயங்காலம் ஆனால் லைன் போய்க்கொண்டிருந்தது. காலையில் இருக்கும். மதியம் இருக்கும். அவர் வேலை முடிந்து வீடு திரும்பி, கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் போயிருக்கும்.

"அப்பா, நெட் போச்சு" என்பாள் மகள்.

"சிவப்பு லைட் எரிஞ்சுதா?"

"ஆமாப்பா. எரிஞ்சுது."

சிவப்பு எரிந்தால் வெளியிலிருந்து வரும் கேபிளில் கோளாறு என்று அர்த்தம். அவர் ஈரத் துண்டோடு அப்படியே மாடிக்கு ஏறுவார். இணைப்புப் பெட்டியைத் திறப்பார், கேபிளைத் தடவுவார், முனையைத் துடைப்பார். கீழிருந்து மகளின் குரல் வரும். "வந்துடுச்சுப்பா!" எதனால் போயிற்று, எதனால் வந்தது என்று தெரியாமலே இறங்கி வந்து சாப்பிட உட்காருவார். தெரியாதது அவரை உறுத்தவும் இல்லை. கொஞ்ச காலமாக எதுவுமே அவரை உறுத்துவதில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் மகள் காலணி மாட்டிக்கொண்டிருந்த அவர் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஆறு மணிக்குப்பா."

"தெரியும்மா."

"போன தடவை மாதிரி நடுவுல கட் ஆச்சுன்னா அவ்வளவுதான். மறுபடியும் கூப்பிட மாட்டாங்க. இந்தத் தடவை கொடுத்ததே பெரிய விஷயம்."

வேறு நகரத்தில் இருந்த கம்பெனி ஒன்று வீடியோவில் நேர்காணல் வைத்து ஆள் எடுத்தது. முதல் தடவை அவள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் லைன் போய்விட்டது. வீட்டுக்குள் கைபேசிக்கும் சரியாகச் சிக்னல் கிடைக்காது. சிக்னல் வீட்டிலேயே சிக்னல் இல்லையா என்று அதற்கும் ஒரு கேலி ஊரில் உண்டு. அழாத குறையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டுத்தான் இந்த இரண்டாவது வாய்ப்பை வாங்கியிருந்தாள்.

"இன்னிக்குள்ள பார்த்து முடிச்சிடறேன்" என்றார்.

"நீங்க வழக்கம்போலத்தான் வருவீங்களா?"

"வேற எப்ப வருவேன்?"

"சும்மா கேட்டேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

முதல் வேலை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"வாங்க தம்பி. ஒரு வாரமா இந்த மனுஷன் என் உயிரை வாங்கறார். படுக்கையறையில நெட் வரலையாம். நான் என்ன குழாய் போட்டா கொண்டு வர முடியும்?"

"பெட்டி எங்கம்மா இருக்கு?"

மேலாளர் பெருமையோடு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இரும்பு பீரோவைத் திறந்தார். பத்திரங்களுக்கும் பட்டுத்துணிகளுக்கும் நடுவில் ரவுட்டர் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டிருந்தார்.

"தூசி படாது பாருங்க. திருட்டு பயமும் இல்லை."

"உங்களையும் இதுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா எனக்கு எந்த பயமும் இல்லை" என்றாள் மனைவி.

முன்பென்றால் சிக்னல் இதைக் கேட்டு பீரோ அதிரச் சிரித்திருப்பார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மேலாளர் மாதிரியே நடந்து காட்டி வீட்டையும் சிரிக்க வைத்திருப்பார். இப்போது அவர் காதில் சொற்கள் விழுந்தன, அவ்வளவுதான். இரும்புக்குள் வைத்தால் அலை வெளியே வராது என்று சொல்லி, பெட்டியை எடுத்துச் சுவரில் மாட்டினார். மேலாளர் படுக்கையறையில் படுத்துப் பார்த்துவிட்டு, "வருது, வருது" என்று கத்தினார்.

புறப்படும்போது அந்த அம்மாள் கேட்டாள். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா தம்பி? உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க? என் பேத்திக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுக்கணும்."

"சௌக்கியம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருமுனை திரும்பிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. பைக் போய்க்கொண்டே இருந்தது.

அவர் மனைவி இறந்து ஐந்து மாதமாகியிருந்தது.

அவள் தையல்காரி. முன்னறையில், கதவை ஒட்டிய சுவரோரம் அவளுடைய மின்சாரத் தையல் இயந்திரம். காலை முதல் அதன் சத்தம்தான் அந்த வீட்டின் சத்தம். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, யார் யாருக்கோ பிறந்த குழந்தைகளின் சட்டை என்று துணிக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள். நேரம் தெரியாது, பசி தெரியாது.

சிக்னல் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவார். பையை ஆணியில் மாட்டுவார். பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு. ஒற்றை விரலால் இயந்திரத்தின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் பின்கட்டுக்கு நடப்பார்.

"அய்யோ, பாதித் தையல்ல நிக்குது! நீ மனுஷன்தானா?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். "ஊருக்கெல்லாம் லைன் கொடு, எனக்கு மட்டும் புடுங்கு!"

"கடை மூடியாச்சு. எழுந்து வா" என்பார் அவர், திரும்பிப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே.

கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களிலும் அவர் சுவிட்சை அணைத்தார்; அவள் திட்டினாள்; சண்டை அங்கேயே முடிந்துபோகும். ஆசை என்றும் அன்பு என்றும் அவர்கள் இருவரும் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. அந்த ஒரு சுவிட்சு போதுமானதாக இருந்தது.

ஒரு மதியம், துணியின்மேல் தலை சாய்த்து உட்கார்ந்தபடியே அவள் போய்விட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தாள் மகள். ஒரு வார்த்தை கூப்பிடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கம்பத்தின் மேலிருந்த சிக்னலுக்குச் சேதி வந்தது. இறங்கி, ஏணியை மடக்கி, அதை வண்டியில் கயிறு போட்டு ஒழுங்காகக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் அழவில்லை. மறுநாளும் இல்லை. அழுத்தி வைத்திருக்கிறார், ஒருநாள் உடைந்து அழுவார் என்று உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கல்நெஞ்சு என்று அவள் தங்கை மட்டும் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் அவருக்கு வெறும் சொல்லாகத்தான் கேட்டது. ஊசி போட்ட இடம் மரத்துப்போவது மாதிரி, அவர் முழுதும் மரத்துப்போயிருந்தார்.

வேலைக்குப் போனார், வந்தார். மகள் படிக்க மேஜை வேண்டும் என்றபோது, தையல் இயந்திரத்தை மடக்கி அதன் பலகையையே மேஜையாக்கிக் கொடுத்தார். ரவுட்டரையும் பக்கத்தில் வைத்தால் நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டாள். வைத்தார். இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, அதே இடத்தில் ரவுட்டரின் அடாப்டரைச் செருகினார். அந்த வாரத்திலிருந்துதான் சாயங்காலக் கோளாறு தொடங்கியது. கேபிளை இழுத்து மாற்றியதில் எங்கோ மடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். வேறு எந்த லைன்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மடிப்பை நிமிர்த்தினார். போயிற்று. கேபிளையே மாற்றினார். போயிற்று. புது ரவுட்டர் கொண்டுவந்து வைத்தார். அதுவும் சாயங்காலம் போயிற்று. ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. தன் வீட்டுக்கென்று கம்ப்ளைன்ட் பதியவில்லை. பழுது பார்க்கிறவனே பழுது என்று எழுதிக் கொடுப்பதா என்ற கூச்சம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. கம்ப்ளைன்ட் எண் இல்லாமல் அலுவலகத்தில் யாரும் எந்த வீட்டு லைனையும் திறந்து பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை மதியம் டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே அவரை அலுவலகத்துக்கு இழுத்துப் போனான் கூட வேலை செய்கிற 'ஏணி'. ஆறடி உயரம், அதைவிட நீளமான வாய்.

"அண்ணே, டாக்டருக்குக் காய்ச்சல் வந்தா அவரே முதுகுல ஊசி குத்திக்குவாரா? கன்ட்ரோல் ரூம் அக்காகிட்ட ஒரு நம்பர் போடுங்க. புள்ள வாழ்க்கை அண்ணே, விளையாட்டா?"

கன்ட்ரோல் ரூம் அக்கா பெரிய திரைகளுக்கு முன்னால் போர்வை மாதிரி ஒரு சால்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். அங்கே ஏசி அப்படி.

"அதிசயமா இருக்கே! சிக்னலுக்கே சிக்னல் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே வீட்டு எண்ணைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது.

"அண்ணே, உங்க லைன்ல ஒரு குறையும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கு."

"தினமும் போகுதேம்மா."

"போகலை. யாரோ அணைக்கறாங்க."

அவருக்குத் தெரியாததல்ல அது. கேபிள் அறுந்தால் வீட்டு ரவுட்டர் பெட்டி திரையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். மின்சாரம் போனால் மட்டும், அணையப்போகிற அந்தக் கண நேரத்துக்குள் அலுவலகத்துக்கு ஒரு சேதி அனுப்பிவிட்டுத்தான் அணையும். எனக்குக் கரன்ட் போகிறது, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று. அதற்குக் கடைசி மூச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். திரையில் அவர் வீட்டின் பெயருக்கு நேரே கடைசி மூச்சு, கடைசி மூச்சு என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போயிற்று.

"பாருங்களேன், ஒரு பொட்டிகூட சொல்லிட்டுத்தான்..." என்று ஆரம்பித்த ஏணி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமையில இல்லை அண்ணே. போன மாசம் நீங்க பயிற்சிக்கு வெளியூர் போனீங்களே, அந்த நாட்கள்லயும் இல்லை. மத்த நாள் எல்லாம்... நீங்க கடைசி வேலையை முடிச்சுப் பதிஞ்சதும் கொஞ்ச நேரத்துல."

சிவப்பு லைட் எரிஞ்சுதா என்று தினமும் கேட்டோமே என்று நினைத்தார். மின்சாரம் போனால் எந்த விளக்கும் எரியாது. சிவப்பு எப்படி எரியும்? ஆமாப்பா, எரிஞ்சுது என்று அவள் தினமும் சொன்னாள். தினமும் பொய் சொன்னாள். எதற்கு?

வலது கையின் ஆள்காட்டி விரல் கால்சட்டைத் துணியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கம்ப்ளைன்டை மூடிடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆறு மணிக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். கடைசியில், உள்ளே நுழையாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு வந்தார். பைக்கை வழக்கமான இடத்தில் நிறுத்தினார். அது நிற்கும்போது இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் நிற்கும்.

கதவு பாதி திறந்திருந்தது. மகள் தையல் பலகையின் முன்னால், அம்மா உட்காரும் அதே முக்காலியில், நல்ல சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தாள். மடிக்கணினியில் மூன்று முகங்கள். இவள் பேசிக்கொண்டிருந்தாள். பைக் செருமிய சத்தம் கேட்டதும் அவள் குரல் ஒரு சொல்லில் தடுக்கியது. உடனே சமாளித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். கண் திரையை விட்டு நகரவில்லை. இடது கை மட்டும் தானாக நீண்டு, சுவரைத் தடவிப் போய், சுவிட்சின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டது.

ஒரு குழந்தையின் கண்ணைப் பொத்துவது மாதிரி, அவ்வளவு மெதுவாக.

சிக்னல் படியில் உட்கார்ந்தார். செருப்புகளுக்குப் பக்கத்தில் பையை வைத்தார். உள்ளே கேள்விகள் வந்தன, பதில்கள் போயின. அவள் அம்மாவைப் போலவே முடிவில் கொஞ்சம் இழுத்துப் பேசுகிறாள் என்பதை இன்றைக்குத்தான் கவனித்தார். தெருவில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். எதிர் வீட்டில் குக்கர் கத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அமைதி. பிறகு, "அப்பா."

அவர் எழுந்து போய்க் கதவருகில் நின்றார். அவள் கை இன்னும் சுவிட்சின்மேல்தான் இருந்தது.

"எடுத்துக்கிட்டாங்கப்பா. அடுத்த மாசமே வந்து சேரச் சொல்றாங்க."

"நல்லது" என்றார். அதற்குமேல் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. பிறகு கேட்டார்: "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"முதல் நாள்லேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. போன தடவை உன் பொழைப்பே போயிருக்கும்."

"அன்னிக்கும் கையை வெச்சுத் தடுக்கலாம்னுதான் இருந்தேன்." அவள் திரையை மூடினாள். "உங்களுக்குத் தெரியாதுப்பா. அதை அணைக்கும்போது நீங்க சிரிக்கறீங்க. ஒரு செகண்ட். அம்மா இருந்தப்ப சிரிப்பீங்களே, அதே சிரிப்பு. அணைச்சுட்டு ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள போயிடும். நாள் பூரா உங்க மூஞ்சியில எதுவும் இருக்காது. அந்த ஒரு செகண்ட்தான் இருக்கும். அதையும் எப்படிப்பா நான் புடுங்கறது?"

"அதனால சிவப்பு லைட்டுன்னு சொல்லி என்னை மாடியேத்தினியா?"

"வேற என்ன சொல்றது? பெட்டிக்குத் திரும்ப உயிர் வர்ற வரைக்கும் நீங்க கிட்ட வந்து பார்க்கக் கூடாதே. நீங்களே கத்துக் கொடுத்ததுதானே."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியிருக்க வேண்டிய இடம் எது என்று அவருக்கே தெரிந்தது. அங்கே எட்ட முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் கையை எடுத்தாள்.

"இன்னிக்கு இன்னும் அணைக்கலை நீங்க. அணைச்சுக்கோங்க. பேசி முடிச்சாச்சு." குரல் உடைந்தது. "நீங்க அணைக்கறதைப் பத்தி நான் கவலைப்படலை. இத்தனை நாளும் நீங்க முகம் கழுவப் போனதும் நான் போட்டுவெச்சேன். நான் போயிட்டா மறுபடியும் யாருப்பா போடுவா? இருட்டுல சும்மா உட்கார்ந்திருப்பீங்க. நான் கூப்பிட்டாகூட லைன் கிடைக்காது."

அவள் அழுதாள். அந்த வீட்டில் ஐந்து மாதமாக அழாமலிருந்தது அவர் மட்டுமில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் தலையில் கை வைத்தார். மரத்த கைதான். ஆனாலும் தலையின் சூடு தெரிந்தது.

பையை எடுத்து ஆணியில் மாட்டினார். விரலை நீட்டினார். இந்தத் தடவை விரல் தானாகப் போகவில்லை, அவர்தான் கொண்டுபோனார். தட்டினார். பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன. கன்ட்ரோல் ரூமில் திரையில் ஒரு வரி வந்திருக்கும். சால்வைக்குள்ளிருந்து அக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்திருப்பாள்.

யாரும் திட்டவில்லை. அவர் காத்திருந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. இனிமேல் வராது என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் பின்கட்டுக்கு நடந்துபோய்விட்டதால் அந்த அமைதியை நின்று கேட்டதே இல்லை.

"கடை மூடியாச்சு" என்றார், யாரிடமோ.

பிறகு அதே விரலால் அவரே சுவிட்சைப் போட்டார். அப்பாவும் மகளும் பலகையின் இரண்டு பக்கமும் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர் வர அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதலில் மின்சாரத்தின் விளக்கு வந்தது. லைன் விளக்கு மினுக்கியது, தயங்கியது, மறுபடியும் மினுக்கியது.

"சிவப்பாப்பா?" என்றாள் மகள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"இல்லைம்மா" என்றார். "தேடுது. இரு, வந்துடும்."